திரைப் படகுக்காரி

அவளிடம் நான் முதல் அடி வாங்கியது குற்றாலத்துக்கு வாழ வந்த வருஷம். எதற்காக வாங்கினேன் என்பது இன்றுவரை சரியாகத் தெரியாது. படகில் ஏறும்போது ஆட்டம் கொடுத்தேன் என்று ஒரு தடவை சொன்னாள். காரணமில்லாமல் சிரித்தேன் என்று இன்னொரு தடவை சொன்னாள். நடு முதுகில், உள்ளங்கை முழுவதும் பதிகிற மாதிரி ஒன்று. மூச்சு நின்று வந்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவகிரிப் பக்கத்துப் பெரிய வீட்டு அம்மாளும் தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விழுந்திருக்கிறது. அவளுக்கும் காரணம் தெரியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

மகாயுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. நானும் என் வீட்டுக்காரரும் குற்றாலத்தில் இரண்டு வீடுகளைச் சாரல் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். ஆனி பிறந்து மேற்கே மேகம் இறங்கிவிட்டால் ஜமீன் குடும்பங்கள், வக்கீல் வீட்டார், கடற்கரை ஊர்களிலிருந்து மரைக்காயர் வீட்டார் என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். வந்த ஆண்களுக்கு நாளெல்லாம் கொண்டாட்டம். எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள், அருவியில் நிற்பார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், எழுந்து மறுபடியும் அருவிக்குப் போவார்கள். கூட வந்த பெண்களோ கோஷா. விடியுமுன் ஆளில்லாத நேரத்தில் அருவியில் தலையைக் காட்டிவிட்டு வந்தால், அப்புறம் வீட்டுக்குள்தான். அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவதற்கு இத்தனை தூரம் எதற்கு வரவேண்டும் என்று ஒரு ஜமீன் அம்மாள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெண்களுக்காகத்தான் அவள் படகு ஓடியது. படகை வாங்கியது அவள் புருஷன். கொல்லத்துப் பக்கம் வாங்கி, ரயிலில் செங்கோட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி, ஐந்தருவிக்குப் போகிற வழியிலிருந்த குளத்தில் இறக்கினான். வருகிற ஆண்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்பது அவன் எண்ணம். அருவி இருக்கும்போது குளத்தைச் சுற்ற அவர்களுக்கு என்ன தலையெழுத்து? படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் மலைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு இவள் அதை நிமிர்த்தினாள். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, சுற்றிலும் கெட்டிக் காடாத் துணியைத் திரையாகக் கட்டினாள். உள்ளே ஆண் வாடை கிடையாது, தள்ளுகிறவளும் பெண்தான் என்று சாரலுக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். பெண்கள் மொய்த்துவிட்டார்கள்.

திரைக்கு வெளியே, பின்பலகையில் நின்று நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவாள். நெடுநெடுவென்ற உடம்பு. சேலையைத் தூக்கிச் செருகியிருப்பாள். அவள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் காதில் பாம்படம் தொங்கும், அவள் காது மட்டும் வெறுங்காது. சண்டையில் எவளாவது பிடித்து இழுத்துவிடுவாள் என்று கழற்றி வைத்துவிட்டாளாம். நடுக்குளத்துக்குப் போனதும் மலைப் பக்கத்துத் திரையை மட்டும் சுருட்டி விடுவாள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. மலையும் மேகமும் தூரத்தில் வெள்ளையாக விழுகிற தண்ணீரும் தெரியும். பெண்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். பிறகு கரைக்கு வந்து, திரை போட்ட கூண்டு வண்டியில் ஏறி, தென்காசிக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இதுதான் அவள் காட்டுகிற சுற்று.

அந்தப் படகுக்குச் சட்டங்கள் உண்டு. எந்த ஆணும் திரையைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து நிற்கக்கூடாது. யார் முக்காட்டையும் யாரும் விலக்கிப் பார்க்கக்கூடாது, அவளும் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள். சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லிவைக்கமாட்டாள். மீறினவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் பட்டணத்து வாலிபன் ஒருவன், கண்ணில் வைத்துப் பார்க்கிற தூரக்கண்ணாடியோடு மலைப் பக்கத்துக் கரையில் மாமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். படகு நடுக்குளத்தில். திரை சுருட்டியிருக்கிறது. இவள் மரத்தை ஒரு தடவை பார்த்தாள், திரையை இறக்கினாள். படகைக் கரை சேர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கரையைச் சுற்றி நடந்து போனாள். அவன் இறங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தொங்கிய காலைப் பிடித்து இழுத்தாள். கிளையோடு வந்து விழுந்தான். கண்ணாடியை அவன் தலைக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் வைத்து, கல்லால் குத்தித் தூளாக்கினாள். பிறகு அவனைக் குத்தினாள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். திரைக்குள்ளிருந்து நாங்கள் சத்தத்தை மட்டும்தான் கேட்டோம், முதலில் கண்ணாடி உடைகிற சத்தம், அப்புறம் வேறு சத்தம். போலீஸ்காரர் வந்தார்.

"ஏன் அடிச்சே?"

"பின்ன, மனு எழுதியா போடச் சொல்லுதிய?"

படகில் இருந்தவர்கள் எந்தெந்த வீட்டுப் பெண்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு சமயம் ஒரு ஜமீன் சின்ன ராணி, மேகம் விலகி அருவி தெரிந்த சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். படகு சாய்ந்தது. திரைக்குள் ஒரு கை வந்தது, கன்னத்தில் ஒன்று விழுந்தது, கை வெளியே போய்விட்டது. கூட வந்த தாதிப் பெண்ணுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. இதோடு தொலைந்தாள், படகையும் கொளுத்தி இவளையும் கொளுத்தப் போகிறார்கள் என்று நான் நடுங்கினேன். அடுத்த வருஷம் சின்ன ராணி வந்து இறங்கியதும் முதல் வார்த்தையாக, அந்தப் படகுக்காரி இருக்கிறாளா என்றுதான் கேட்டாள். எங்கள் பெண்பிள்ளை புத்தியை என்னவென்று சொல்ல.

தென்காசிக் கடைத்தெருவிலும் அதே கதைதான். இடி விழுந்து பிளந்த மாதிரி இரண்டாக நிற்கும் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பி, பின்புறம் கடையைத் தொடுகிற மாதிரி நிறுத்துவாள். பத்தமடைப் பாய், மலைத் தேன், ஏலம், ஜாதிக்காய், கண்ணாடி வளையல் எல்லாம் திரை இடுக்கு வழியாக உள்ளே போகும், வேண்டாதது வெளியே வரும். பேரம் பேசுவது அவள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஏலத்தை நிறுக்கும்போது தராசுத் தட்டைச் சுண்டுவிரலால் அமுக்கினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு படிக்கல்லை எடுத்து, தட்டில் வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் அந்தச் சுண்டுவிரலின் மேல் வைத்தாள். வைத்தாள் என்றா சொன்னேன்? போட்டாள். அவர் அலறியது நாலு தெருவுக்கும் கேட்டது. "வெரலு எடை எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டாள், மரியாதைக் குறைவில்லாமல்.

கடைசிவரை இப்படித்தான் இருந்தாள். வயதாகி, கழியை ஊன்றித் தள்ள முடியாமல் போன பிறகும், அந்தக் கழியாலேயே நாலு பேரை விளாசியிருக்கிறாள். "கை இருக்கையில வாய் எதுக்கு?" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும், மறைக்கமாட்டேன். எங்களை அடிக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எங்களுக்காக அடிக்கிறவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் வீட்டுக்குள் போய்ப் பார்க்காதவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரே மகன். அவனுக்குப் புளியங்குடிப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தாள். இசக்கி என்று பெயர். ஒல்லியான பெண், பேசினால் உதடு மட்டும் அசையும். வந்த மாதமே அவள் முகத்தில் விரல் தடம் பார்த்தேன். புதுப் பெண், மாமியார் இப்படித்தான் என்று போகப் போகத் தெரிந்துகொள்வாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். சோறு குழைந்துவிட்டது என்று மாமியார் கொதிக்கிற கஞ்சியை இசக்கியின் புறங்காலில் கொட்டினாள். தோல் உரிந்து, ஆறி, சுருங்கி, அந்தக் கால் வேறு யாருடைய காலோ மாதிரி ஆகிவிட்டது. மகன் பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் அவனும் சேர்ந்துகொள்வான்.

முதல் தடவை இசக்கி முழுகாமல் இருந்தபோது, மாமியாரிடம் பயந்து பயந்து சொல்லியிருக்கிறாள். "ஒக்காந்து திங்க இது ஒரு சாக்காட்டி?" என்று இடுப்பில் விழுந்தது உதை. அன்று ராத்திரியே கலைந்துவிட்டது. துணி துவைக்க எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தவள் சொன்னாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"ஏங்க்கா, ஊர்ப் பொம்பளையளுக்கெல்லாம் காவல் நிக்கிய. ஒங்க வீட்டுல இருக்கவளும் பொம்பளதானே?"

கையில் அகப்பை இருந்தது. என் தோளில் ஒன்று போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எம் படகுல ஏறுனவதாட்டி எம் பொறுப்பு. இவ எம் மருமவ. ரெண்டும் வேற."

தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது.

இசக்கி இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு ஓடிப்போனாள், இரண்டு முறையும் அவர்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாம் முறை அவள் போகவில்லை. அந்த வருஷம் ஆடியில் ஒரு நாள் கிணற்றடியில், "அக்கா, மறுபடி நின்னிருக்கு" என்றாள்.

"சொன்னியா?"

"சொல்லுவனா?"

எத்தனை நாள் மறைக்க முடியும்? இந்த முறை பிள்ளையோடு சேர்ந்து அவளும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எங்கள் வீட்டில் அப்போது ஒரு மரைக்காயர் குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டுப் பெரிய அம்மாளை எல்லாரும் உம்மா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் பின்கட்டிலிருந்து நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இசக்கி போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல இருக்கட்டும். பெத்துப் பொழைக்கட்டும்."

எப்படிக் கூட்டிப்போவது? குற்றாலத்தில் எந்த வண்டிக்காரனும் படகுக்காரிக்குத் தெரியாமல் இசக்கியை ஏற்றமாட்டான். பஸ் நிற்கிற இடத்தில் பகலெல்லாம் மகன் நிற்கிறான். மரைக்காயரின் காரில் போகலாம் என்றால், ஆண்களுக்குத் தெரிந்தால் ஊரார் வழக்கு நமக்கெதற்கு என்பார்கள். உம்மா யோசித்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று பெண்கள் ஐந்து பேர் படகில் சுற்றி, கடைத்தெரு பார்த்து, அப்படியே தென்காசி ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. ஐந்து பேரும் தலை முதல் கால் வரை வெள்ளைத் துப்பட்டி. மூத்த மருமகளுக்கு உடம்பு முடியவில்லை என்று அவளைக் காரில் அனுப்பிவிட்டு, அவள் துப்பட்டியில் இசக்கியை நுழைத்துவிட்டால்?

"அவ படகுலயேவா உம்மா?" என்றேன்.

"அவ படகுலதான் யாரும் முக்காட்ட விலக்க மாட்டாவளே."

"ரயிலடியில மரைக்காயர் பாத்தா?"

"ரயில் நகர்ந்தப்புறம் சொல்லிக்கிடுதேன். மனுசன் குதிக்கவா போறார்?"

அவர்கள் கிளம்பிய அன்று காலையிலிருந்து சாரல். படகுக்காரி குளத்துக்குப் போனதும் இசக்கி தண்ணீர்க் குடத்தோடு மரைக்காயர் வீட்டார் குடியிருந்த வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள், குடத்தை வைத்துவிட்டுத் துப்பட்டிக்குள் நுழைந்தாள். குடித்தனக்காரர்களை வழியனுப்ப நான் கூடப் போவது வழக்கம், அதனால் நானும் ஏறினேன். வெள்ளையாக ஐந்து பேர் வந்தார்கள், வெள்ளையாக ஐந்து பேர் ஏறினார்கள். அவள் திரைக்கு வெளியே நின்றபடி, "பாத்து, பாத்து" என்றாள். படகு நகர்ந்தது. இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடுக்குளத்தில் காற்று தூக்கியது. திரையின் கீழ் விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசியில், பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் இசக்கி. துப்பட்டி ஒதுங்கி அவள் கால் வெளியே தெரிந்ததை நான் பார்த்தபோது, கழி தண்ணீரில் விழுகிற சத்தம் நின்றிருந்தது. படகு அசையாமல் நின்றது. தன் கையால் கொட்டிய கஞ்சியின் வடுவை அவளுக்குத் தெரியாதா? கவிழ்த்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். எங்களில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்.

வெளியிலிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் காலை உள்ள இழுத்துக்கிடுங்க."

கழி மறுபடி தண்ணீரில் விழுந்தது. மலைப் பக்கத்துத் திரையை அன்றும் சுருட்டி விட்டாள். நாங்கள் ஒருத்தரும் மலையைப் பார்க்கவில்லை.

கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே மகனின் கூச்சல் கேட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா! இசக்கியக் காணும். மரைக்காயர் வீட்டுப் பின்வாசல்ல அவ கொடம் இருக்கு. ஆளு இல்ல. படகுலதான் இருக்கா."

"எம் படகுல குடித்தனக்கார அம்மாமாருதான் இருக்காவ. வழிய விடு."

"தொறந்து காட்டு. நான் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"திரையில கை வச்சேன்னா கை இருக்காது. சொல்லிட்டேன்."

"நான் ஒம் மவன்ம்மா!"

"ஆம்பளதானலே நீ?"

அவனுக்கு அது வேடிக்கைப் பேச்சு மாதிரி இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினான். விரல்கள் திரைக்குள் வந்து துணியை மடக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். கழி விழுந்தது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு நொடி கழித்துத்தான் அவன் அலறினான். முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தவனை அவள் விடவில்லை. பலகையிலிருந்து குதித்தாள். தோளில், முதுகில், தொடையில் என்று மாற்றி மாற்றி விழுந்தது. சேறும் ரத்தமும் கலந்து திரையில் தெறித்தது. அவன் "எம்மா, எம்மா" என்று ஊர்ந்து ஊர்ந்து கரை ஏறினான். ஏறின பிறகும் ஒன்று விழுந்தது. மரைக்காயர் வீட்டுச் சின்னப் பெண்கள் வீறிட்டு அழுதார்கள். "போதும்க்கா, செத்துருவான்!" என்று நான் கத்தினேன்.

நிறுத்தினாள். கழியைத் தண்ணீரில் அலசினாள்.

"எறங்குங்க. வண்டி நிக்கி" என்றாள்.

மருமகளுக்காக அடித்தாளா, திரைக்காக அடித்தாளா என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. அவன் கை கடைசிவரை நேராகவில்லை. அதுதான் தெரியும்.

வண்டியில் எங்களோடு உள்ளே ஏறாமல் முன்னால், வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் இவள் என்ன செய்வாள் என்ற பயம் எனக்குப் படகில் இருந்ததைவிட அதிகமாகிவிட்டது. திரைக்குள் வைத்து அடிக்கமாட்டாள், சரி. வண்டியிலிருந்து இறக்கினால்? முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டால், தென்காசியில் யார் தடுக்கப் போகிறார்கள்? உம்மா முன்பக்கம் குனிந்து, "கடைத்தெரு வேண்டாம், நேரா ஸ்டேஷனுக்குப் போயிரலாமே" என்றார்.

"கடைத்தெரு காட்டுதேன்னு கூட்டியாந்தேன். காட்டாம விடமாட்டேன்."

காட்டினாள். மழைச் சேறும் ரத்தமுமான சேலையோடு கடைகடையாக வண்டியை நிறுத்தினாள். தேன் உள்ளே வந்தது, வெளியே போனது. பாய் வந்தது, போனது. ஒருத்தரும் எதையும் தொடவில்லை. கடைக்காரர்கள் அவள் சேலையைப் பார்த்துவிட்டு விலையே சொல்லவில்லை. கடைசியில் வளையல் கடை. வண்டி பின்னால் போய் நின்றது. திரை இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. அதில் வளையல் இல்லை. நேராக வந்து இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்தது.



"எத்தன மாசம்?" என்றது வெளியிலிருந்து குரல்.

இசக்கி கையை இழுத்துப் பார்த்தாள்.

"எத்தன மாசம்னு கேக்கேன்."

"மூணு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவ சொன்னம்லா."

இவ்வளவு தெளிவாக அந்தப் பெண் பேசி நான் கேட்டதில்லை. பிடித்த கை தளரவில்லை. இசக்கி இன்னொரு கையால் துப்பட்டியைத் தலையிலிருந்து தள்ளினாள். திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக ஒதுக்கினாள். தென்காசிக் கடைத்தெருவின் வெளிச்சம் முழுவதும் எங்கள் மேல் விழுந்தது. எதிரே மாமியார் முகம். இசக்கி அறைந்தாள். உடம்பில் இருந்ததையெல்லாம் கூட்டி, கன்னமும் காதும் சேர்ந்து சிவக்கிற மாதிரி அறைந்தாள். வளையல் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தெருவே நின்றுவிட்டது. அவளை அடித்த ஒரு ஆளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. புருஷன் ஒரு தடவை கை ஓங்கினான், அதற்குள் இவள் முந்திக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள்.

மாமியார் மணிக்கட்டை விட்டாள். கையை வெளியே எடுத்தாள். விலகிக் கிடந்த திரையைத் தானே இழுத்து மூடி, முடிச்சுப் போட்டாள்.

"ஸ்டேஷனுக்கு விடுலே" என்றாள் வண்டிக்காரனிடம்.

ரயிலடியில் நேரம் அதிகம் இருக்கவில்லை. மூத்த மருமகள் காரிலிருந்து இறங்கிவந்து சேர்ந்துகொள்ள, பெண்கள் பெட்டியில் வெள்ளைத் துப்பட்டிகள் நெருக்கியடித்து ஏறின. எது இசக்கி என்று எனக்கே தெரியவில்லை. மரைக்காயர் பெட்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ரயில் புறப்பட்டதும் நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது என்று அடுத்த சாரலுக்கு வந்த உம்மா சொன்னார். தாயும் பிள்ளையும் சுகம். அதற்காக எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எனக்கு இருந்தது.

ஆனால் அன்று ரயில் போன பிறகு, குற்றாலத்துக்கு நான் அவளோடுதான் திரும்பவேண்டியிருந்தது. வேறு வண்டி இல்லை. இந்தத் தடவை அவள் கூண்டுக்குள்ளே, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். திருட்டுத்தனத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? வண்டி இலஞ்சியைத் தாண்டியது. இடது கன்னத்தில் விரல் தடம் தடித்து நின்றது. ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை தொட்டாள். பல் ஆடுகிறதா என்று நாக்கால் துழாவினாள்.

"ஏட்டி."

"சொல்லுங்கக்கா."

"நான் அடிச்சா இப்படித்தான் வலிக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். நான் அவளிடம் வாங்கின அடிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் அழாமல் துணி துவைத்த அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் அன்று கோபம் இருந்தது.

"இல்லக்கா. அவ கை சின்னக் கை. நீங்க அடிச்சா இதவிட வலிக்கும்."

சொல்லிவிட்டு, முதுகைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடி விழவில்லை. வண்டி ஒரு பக்கம் ஆடியது. கண்ணைத் திறந்தபோது எதிரே அவள் இல்லை. இறங்கி, வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, சாரலில் நனைந்துகொண்டு தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். ஏறிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டேன். குற்றாலம் வருகிறவரை அவள் ஏறவில்லை.